யார் வாரிசு? தென் திருவிதாங்கூர் மண்ணில் சொத்துரிமையும் உயிலும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லையான களியக்காவிளைக்கு இப்பால் பத்திரம் என்று சொல்லப்படுவது அப்பால் ஆதாரம் ஆகிறது. பட்டா மாற்றம் அங்கே போக்குவரவு. உயில் அங்கே ஒசியத்து. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் அவ்வாறே வந்து சேர்ந்தது. ஆனால், பெண் கொடுத்தும் எடுத்தும் வந்த குடும்பங்கள் அந்தக் கோட்டுக்குத் தக்கபடி பிரியவில்லை. மார்த்தாண்டத்தில் வீடும் பாறசாலைக்கு அருகே ஐம்பது சென்ட் தென்னந்தோப்புமாக வாழ்கிறவர்கள் இன்றும் பலர் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோனால், வீட்டுக்கு ஒரு மாநிலத்தின் வருவாய்த்துறையையும் தோப்புக்கு இன்னொரு மாநிலத்தின் வில்லேஜ் ஆபீசையும் அணுக வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த இரு சொத்துகளுக்கும் பின்னால் நிற்கும் சட்ட வரலாறும் வேறுவேறாக இருக்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

ஒவ்வொரு வாரிசுரிமைச் சட்டமும் தன் மனத்தில் ஒரு குடும்பத்தின் வடிவத்தை வைத்துக்கொண்டுதான் பங்கு பிரிக்கிறது. அந்த வடிவமும் நாம் உண்மையில் வாழும் குடும்பமும் ஒத்துப்போகும்வரை உயிலுக்குப் பெரிய தேவை இல்லை. நம் பகுதியில் அவை ஒத்துப்போகாமல் விலகத் தொடங்கிச் சில தலைமுறைகள் ஆகிவிட்டன. இப்போது அந்த விலகல் முன்னெப்போதையும்விடப் பெரிதாக இருக்கிறது.

நாஞ்சில் நாட்டு வேளாளர்களில் ஒரு பிரிவினரிடம் இருந்த மருமக்கள் வழியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அந்த முறையில் ஒருவருடைய சொத்து அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். தாய்வீட்டைச் சுற்றி அமைந்த கூட்டுக் குடும்பத்தை அதன் மூத்த ஆணான காரணவர் நிர்வகிப்பார். கணவன் விருந்தாளிபோல வந்துபோகும் சமூகங்களில் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடமோ மனைவி கணவன் வீட்டுக்கு வந்து, அவனோடு வாழ்ந்து, அங்கேயே பிள்ளைகளை வளர்த்தாள். வாழ்க்கை ஒரு வழியிலும் சொத்து இன்னொரு வழியிலுமாகப் போயிற்று. தந்தை அன்பின் பேரில் தன் மக்களுக்கு ஒதுக்கும் சிறு பங்குக்கு 'உகந்துடைமை' என்ற பெயர் இருந்ததே, அந்த இடைவெளியை அக்காலத்தவரும் உணர்ந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று. கணவன் கண்மூடியதும் பிள்ளைகளோடு தெருவுக்கு வரும் மனைவியரின் துயரத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற நெடும்பாட்டில் ஐந்தாம் மனைவி ஒருத்தியின் வாய்மொழியாகவே பாடினார்.

அந்தக் காலத்துக் கிளர்ச்சிகளின் பயனாகத் திருவிதாங்கூரில் 1925இல் நாயர், ஈழவர் சமூகங்களுக்கும், 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. மனைவி மக்களுக்கு உரிமை கிடைத்தது. கூட்டுக் குடும்பச் சொத்துகள் பாகமாகத் தொடங்கின. 1956 ஜூன் 17 அன்று இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பழைய கதை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அது முடியவில்லை. மருமக்கள் வழி என்றால் என்ன என்று அந்த மத்தியச் சட்டம் சொல்லும் விளக்கத்தில், திருவிதாங்கூர் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. இந்த மத்தியச் சட்டம் வராதிருந்தால் அந்தப் பழைய சட்டங்களுக்கு உட்பட்டிருக்கக்கூடியவர்களுக்கென்று 17ஆவது பிரிவில் தனி வரிசை ஒன்றும் வகுக்கப்பட்டிருக்கிறது.

இந்த 17ஆவது பிரிவை நம் பகுதி மக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். திருமணமான ஓர் இந்துப் பெண், பிள்ளைகள் இல்லாமல், உயிலும் எழுதாமல் இறந்துவிடுகிறார். அவர் ஆசிரியராக வேலை பார்த்து, தன் சம்பளத்தில் ஒரு வீடு கட்டியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பொதுவான 15ஆவது பிரிவின்படி அந்த வீடு கணவருக்குப் போகும். கணவர் முன்பே இறந்திருந்தால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவர்கள் ஒருவரும் இல்லாதபோதுதான் பெற்ற தாய் தந்தையரின் முறை வரும். தாய் தந்தையிடமிருந்து வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாதபோது, தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். அதே பெண் மருமக்கள் வழிச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்றால் வரிசையே வேறு. பிள்ளைகளும் தாயும் முதல் நிலையில் நிற்பார்கள். தந்தையும் கணவரும் இரண்டாம் நிலை. கணவரின் வாரிசுகள் எல்லோருக்கும் கடைசி. தாய் உயிரோடு இருந்தால் முழு வீடும் தாய்க்கே. கணவருக்குப் பங்கே கிடையாது. ஒரே பள்ளியில் பணியாற்றி, ஒரே தெருவில் வீடு கட்டிய இரு ஆசிரியைகளின் சொத்து, அவர்களுடைய பாட்டிமார் எந்த வழியைச் சேர்ந்தவர்கள் என்பதைப் பொறுத்து எதிரெதிர்த் திசைகளில் போகிறது.

15ஆவது பிரிவு எவ்வளவு கடுமையானது என்பதை 2009ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்று காட்டியது. திருமணமாகி மூன்றே மாதங்களில் கணவனை இழந்து, மாமியார் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, பெற்றோரால் படிக்க வைக்கப்பட்டு, வேலைக்குச் சென்று பொருள் சேர்த்த ஒரு பெண்ணின் சொத்து, அவர் உயில் எழுதாமல் இறந்த காரணத்தால், அவரைத் திரும்பியும் பாராத கணவன் வீட்டாருக்கே போய்ச் சேர்ந்தது. அனுதாபத்தின் அடிப்படையில் சட்டத்தை மாற்றிப் படிக்க இயலாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. 2025 நவம்பரில் இந்தப் பிரிவு மீண்டும் கேள்விக்கு உள்ளானபோது, அதன் செல்லுபடித்தன்மையை முடிவு செய்யாமல் விட்ட உச்சநீதிமன்றம், பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அந்த வேண்டுகோள் நம் தாய்மார்கள் எல்லோரின் காதிலும் விழ வேண்டும். உயில் என்பது ஆண்கள், அதுவும் வயதான ஆண்கள், எழுதும் ஒன்று என்ற நினைப்பு இங்கே இன்னும் அழுத்தமாக இருக்கிறது.

கிறிஸ்தவக் குடும்பங்களின் வரலாறு வேறு வகையில் வலி மிகுந்தது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைத் தந்தது. சீதனம் கொடுக்கப்பட்டிருந்தாலோ கொடுப்பதாக வாக்களிக்கப்பட்டிருந்தாலோ அதுவும் இல்லை. கைம்பெண்ணுக்குக் கிடைத்தது அவர் இறக்கும்வரை அல்லது மறுமணம் செய்யும்வரை நீடிக்கும் உரிமை மட்டுமே. ஆணும் பெண்ணும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கமுடைய சில லத்தீன் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டு பிரிவினருக்கும் இதிலிருந்து விலக்கு இருந்ததையும் சொல்லியாக வேண்டும். 1951 ஏப்ரல் 1 அன்று இந்திய வாரிசுரிமைச் சட்டம் இந்தப் பகுதிக்கும் நீட்டிக்கப்பட்டபோதே பழைய சட்டம் போய்விட்டதா, இல்லையா என்பது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராத கேள்வியாக இருந்தது. போய்விட்டது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் 1974இல் சொன்னார். இரு நீதிபதிகள் அமர்வு 1978இல் அதை மறுத்தது. கோட்டயத்தைச் சேர்ந்த ஆசிரியை மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், தனி நீதிபதி சொன்னதே சரி என்றது. கேரளத்தின் வெற்றியாக மட்டும் பேசப்படும் அந்தத் தீர்ப்பு, நம் மாவட்டத்துக் கிறிஸ்தவ மகள்களுக்கும் 1951 முதலே சமபங்கு உண்டு என்பதை உறுதிசெய்தது.

ஆனால் சட்டம் ஒரு கையால் கொடுத்ததை உயில் மறு கையால் பறித்துக்கொண்டது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி கிறிஸ்தவர் ஒருவர் தம் சொத்து முழுவதையும் தாம் விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம். பிள்ளைகளுக்கு இவ்வளவு விட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே, தீர்ப்புக்குப் பின் எல்லைக்கு இரு பக்கமும், மகன்களுக்கு மட்டும் சொத்தை எழுதும் உயில்களும், திருமணத்துக்கு முன்னோ பின்னோ 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று மகளிடம் கையெழுத்து வாங்கும் விடுதலைப் பத்திரங்களும் பெருகின. இந்துக் குடும்பங்களிலும் நிலைமை பெரிதும் மாறுபட்டதல்ல. உயிலைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மறைத்துவிடக் கூடாது. மகளுக்குக் கொடுத்த நகையையும் பணத்தையும் கணக்கில் கழித்துவிட்டு, அதன் மதிப்பைவிடப் பல மடங்கு பெருகிய நிலத்தை மகனுக்கு எழுதுவது நியாயமான கணக்கு ஆகாது.

பூர்வீகச் சொத்தைப் பொறுத்தவரை எல்லைக்கோட்டின் கனம் இன்னும் கூடுதல். கேரளம் தனிச் சட்டம் இயற்றி 1976 டிசம்பர் 1 முதல் இந்துக் கூட்டுக் குடும்பத்தையே ஒழித்தது; அன்று உயிரோடு இருந்தவர்களுக்குத் தனித்தனிப் பங்கு கிடைத்தது, பிறப்பால் வரும் உரிமை நின்றுபோனது. தமிழ்நாடு கூட்டுக் குடும்பத்தை வைத்துக்கொண்டே, 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாதிருந்த மகள்களையும் பங்காளிகளாக்கியது. 2005 செப்டம்பர் 9 அன்று வந்த மத்தியத் திருத்தம் அந்தத் திருமண நிபந்தனையை நீக்கி, எல்லா மகள்களுக்கும் பிறப்புரிமை தந்தது. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. கேரளத்தில் கூட்டுக் குடும்பமே இல்லாதபோது அந்தத் திருத்தம் எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு 2025 ஜூலையில் பதில் தந்த கேரள உயர்நீதிமன்றம், 2004 டிசம்பர் 20க்குப் பின் இறந்த இந்துவின் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு உண்டு என்றது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொல்லங்கோடு பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், பாறசாலையில் தோப்பு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் இது நேரடியாகத் தொடர்புடைய தீர்ப்பு. பாகம் வைப்பதற்கு முன், எந்த நிலம் எந்த ஆண்டு யார் வழியாக வந்தது என்று பழைய ஆதாரங்களை எடுத்துப் பார்க்காமல் பேச்சைத் தொடங்குவதில் பயனில்லை.

சமயம் மாறும்போது பங்கு எப்படி மாறுகிறது என்பதையும் பார்க்கலாம். தக்கலையில் அடுத்தடுத்த மூன்று வீடுகளில் மூவர் உயில் எழுதாமல் இறக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள். இந்துவின் சொந்தச் சம்பாத்தியம் நால்வருக்கும் கால் பங்காகப் பிரியும். கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, எஞ்சியது பிள்ளைகள் இருவருக்கும் சமமாக, தாய்க்கு ஒன்றுமில்லை. முஸ்லிமின் சொத்தில் தாய்க்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும். மகனின் வருமானத்தை நம்பியே வாழ்ந்த கிறிஸ்தவத் தாய் ஒருவர் அவன் இறந்தபின் சட்டப்படி வெறுங்கையோடு நிற்பார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? உயிலில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் அவருக்கு அந்த நிலை வந்திருக்காது.

இனி, இன்றைய குடும்பங்களைப் பார்ப்போம். மகன் துபாயில், மகள் கனடாவில். வீட்டில் இருக்கும் முதியவர்களுக்கு மருந்து வாங்கித் தருவதும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதும் திருமணமாகாத தங்கையோ மருமகளோ அண்டை வீட்டுப் பெண்ணோ. இவர்களில் மருமகளுக்கு, கணவர் உயிரோடு இருக்கும்வரை, மாமனார் மாமியார் சொத்தில் வாரிசு என்ற உரிமை கிடையாது. பிள்ளைகள் இருக்கையில் தங்கைக்கும் கிடையாது. மறுமணங்கள் பெருகியிருக்கின்றன, இரண்டாம் கணவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, தத்து எடுக்கப்படாவிட்டால், அவருக்கு வாரிசு அல்ல. முதல் மனைவி இருக்கையில் நடந்த இந்துத் திருமணம் செல்லாது என்பதால் இரண்டாமவர் மனைவியாகப் பங்கு கேட்க முடியாது. ஆனால் அவருடைய பிள்ளைகளுக்குத் தந்தையின் பங்கில் உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இந்துவும் கிறிஸ்தவரும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்துகொண்டால், இருவர் சொத்துக்கும் அவர்கள் பிள்ளைகள் சொத்துக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். பெண்பிள்ளைகள் மட்டுமே உள்ள முஸ்லிம் தம்பதியர் சிலர் கேரளத்தில் தம் திருமணத்தைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மறுபடியும் பதிவு செய்வது, சொத்து முழுவதும் மகள்களுக்கே சேர வேண்டும் என்பதற்காகத்தான். முஸ்லிம் சட்டப்படி எழுதும் உயிலில், பிற வாரிசுகளின் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது.

உயில் எழுதுவதற்குத் தேவையானவை மிகக் குறைவு. பதினெட்டு வயது நிரம்பிய, தெளிந்த மனநிலை உள்ள எவரும் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்வது நல்லது. எழுதியவர் கையெழுத்திட்டதைக் கண்ட அல்லது அவர் ஒப்புக்கொள்ளக் கேட்ட இரு சாட்சிகள், அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகளில் ஒருவராவது பின்னாளில் நீதிமன்றத்தில் வந்து சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதால், எழுதுபவரைவிட வயதில் இளையவர்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பயன்பெறும் மகனே பத்திர எழுத்தரை அழைத்துவந்து, அவனே உடனிருந்து எழுதுவித்து, மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் எதுவும் இல்லை என்பதற்கு ஒரு காரணமும் சொல்லாத உயிலைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்று 1959லேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது.

கிறிஸ்தவர்களுக்கு இரு கூடுதல் விதிகள் உண்டு. இவை தெரியாமல் வீணான உயில்கள் வருத்தம் தருபவை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் கொடுக்கப்பட்டது செல்லாது. எனவே மருமகனைச் சாட்சியாக வைத்தால் மகளின் பங்கு போய்விடும். அடுத்து, உயில் எழுதியவர் அதன்பின் திருமணம் செய்துகொண்டால் அந்த உயிலே ரத்தாகிவிடும். மனைவியை இழந்த ஒருவர் பிள்ளைகளுக்கு எழுதிவைத்துவிட்டு அறுபது வயதில் துணை தேடிக்கொண்டால், புதிய உயில் எழுதியாக வேண்டும். இந்துக்களுக்கு இந்த இரண்டு விதிகளும் பொருந்தா. ஆயினும் பயன்பெறுபவரைச் சாட்சியாக்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். அறச்செயல்களுக்கு எழுதிவைக்கும் கிறிஸ்தவர்கள்மீது இருந்த பழைய கட்டுப்பாடு 2003இல் உச்சநீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

உயிருள்ளபோதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடும் வழக்கம் நம் பக்கம் அதிகம். கேரளத்தில் இதைத் தனநிச்சயாதாரம் என்பார்கள். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்டில் கைவிட்டுப் போனது எளிதில் திரும்பாது. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு பெற்ற சொத்தை, பராமரிக்காதபோது ரத்துசெய்ய வழி தருகிறது. அந்த நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2025 ஜனவரியில் முதியோரின் நலனைக் கருதி இச்சட்டத்தைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. வயதான ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், தம் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும், பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுத வேண்டும்.

வங்கிக் கணக்கில் நாமினி பெயர் கொடுத்திருப்பதால் உயில் தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. அது வாரிசுகளுக்கு உரியது. பங்குகளுக்கும் இதுவே நிலை என்று 2023 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால், 2015 முதல் அவர்களே பயனாளிகள்.

இரு மாநிலத்திலும் நிலம் உள்ளவர் ஒரே உயிலில் இரண்டையும் எழுதலாம். அதை எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம். கேரளத்து நிலத்துக்கு அங்குள்ள தாலுகா, வில்லேஜ், சர்வே எண், தண்டப்பேர் எண் (நில உரிமையாளரின் வரிக்கணக்கு எண்) ஆகியவற்றை அந்த ஊர் வழக்கப்படியே குறிக்க வேண்டும். மறு அளவையில் எண் மாறியிருந்தால் பழையதையும் புதியதையும் சேர்த்து எழுத வேண்டும். தமிழ் அறியாத பதிவு அலுவலர், அந்த மாவட்டத்தில் தமிழ் வழக்கில் இல்லை என்றால், சரியான மொழிபெயர்ப்பு இல்லாமல் ஆவணத்தை ஏற்க மாட்டார். பின்னாளில் போக்குவரவுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் மலையாள மொழிபெயர்ப்பு தேவைப்படும். இரண்டு உயில்களாக எழுதுகிறவர்கள், பின்னதில் 'இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்' என்ற வழக்கமான வரியைக் கவனியாமல் சேர்த்துவிடக் கூடாது. அந்த ஒரு வரியால் பாறசாலைத் தோப்புக்காக எழுதிய உயில் செல்லாமல் போய்விடும். எழுதிய உயிலை முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவைக்கவும் பதிவுச் சட்டத்தில் இடம் உண்டு. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதை வேறு யாரும் பார்க்க முடியாது. இறந்தபின் விண்ணப்பித்தால் விண்ணப்பித்தவர் முன்னிலையில் உறை திறக்கப்படும். அப்படி ஓர் உறை இருக்கிறது என்பதை மட்டும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவைக்க வேண்டும்.